தேனிலவுக்கு நியூசிலாந்தில் கார் பயணம்: பதினொரு இரவுக்கு எவ்வளவு சாலை போதும்?

கேள்வி இது: தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம், பிப்ரவரி நடுவில் புறப்பாடு, கையில் பதினொரு இரவு. நியூசிலாந்தின் இரண்டு தீவுகளையும் கேம்பர்வேனில் (படுக்கை, சமையல் வசதி உள்ள வேன்) சுற்றி வந்துவிட முடியுமா?

சுற்றி வரலாம், எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆக்லாந்திலிருந்து வெலிங்டன் மட்டுமே 640 கி.மீ. அதற்கு மேல் மூன்றரை மணி நேரக் கப்பல். வடக்குத் தீவை இந்த முறை விட்டுவிடுங்கள். தெற்குத் தீவிலும் மேற்குக் கடற்கரையை விட்டுவிடுங்கள். மிச்சமிருக்கும் பாதிக்கே பதினொரு இரவு சரியாக இருக்கும். கல்யாண வீட்டில் ஒரு வாரம் சரியாகத் தூங்காமல் விமானம் ஏறுகிற இருவருக்கு, தினமும் ஐந்து மணி நேரம் ஓட்டுகிற திட்டம் மூன்றாம் நாளே சண்டையில் முடியும்.

காலத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு அதிர்ஷ்டம். பிப்ரவரி அங்கே கோடையின் பின்பாதி. இரவு எட்டரை, ஒன்பது வரை வெளிச்சம், மலைக் கணவாய்களில் பனி இல்லை, சக்கரத்துக்குச் சங்கிலி தேவையில்லை. ஆவணியில் கல்யாணம் செய்துகொள்பவர்களுக்கு இந்தப் பதில் அப்படியே பொருந்தாது. ஆகஸ்ட், செப்டம்பரில் இதே சாலைகளில் பனியும் பனிச்சரிவும் இருக்கும்.

முதலில் காகிதங்கள், ஏனென்றால் அதில்தான் நாள் போகும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசிட்டர் விசா வேண்டும். இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். அப்படியென்றால் கல்யாணத்துக்கு முன்பே விண்ணப்பிக்கிறீர்கள். எனவே இருவரும் இப்போதுள்ள பெயரிலேயே, இப்போதுள்ள பாஸ்போர்ட்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். கணவர் பெயரைச் சேர்த்துப் புதுப் பாஸ்போர்ட் வாங்கும் வேலையைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். விசா பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது; நடுவில் எண் மாறினால் விசாவைப் புது எண்ணுக்கு மாற்ற வேண்டும், டிக்கெட்டில் பெயர் ஒத்துப்போகாத சிக்கலும் சேரும். ஒருவர் சம்பாதிக்கவில்லை, மற்றவர் செலவை ஏற்கிறார் என்றால் உறவுக்குச் சான்று தேவைப்படும். கல்யாணப் பத்திரிகையை வைக்கலாம், ஆனால் தமிழில் அச்சடித்த பத்திரிகைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும். விசாக் கட்டணத்தோடு சேர்த்தே 100 நியூசிலாந்து டாலர் சுற்றுலா வரி வசூலாகும்; 2024 அக்டோபரிலிருந்து இதுதான் தொகை.

டிக்கெட்டை சிங்கப்பூர் வழியாகப் போடுவது எளிது. சிங்கப்பூரிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு நேரடி விமானம் இருக்கிறது. சிட்னி அல்லது மெல்போர்ன் வழியாக விலை குறைவாகத் தெரியும். ஆனால் விமான நிலையத்தை விட்டு வெளியே போகாவிட்டாலும் இந்தியர்களுக்கு ஆஸ்திரேலிய டிரான்சிட் விசா தேவை. அதைக் கவனிக்காமல் டிக்கெட் எடுத்தவர்களைச் சென்னையிலேயே செக்-இன் கவுன்டரில் நிறுத்திவிடுவார்கள்.

ஓட்டுநர் உரிமம்: ஆங்கிலத்தில் அச்சான இந்திய லைசென்ஸ் அங்கே செல்லும். இருந்தாலும் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கிக்கொள்ளுங்கள். படிவம் 4ஏ, ஓராண்டு செல்லும். இது வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் நம் இனிஷியல். லைசென்ஸில் ‘கார்த்திக் எஸ்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் சுப்பிரமணியன்’, கிரெடிட் கார்டில் வேறொரு சுருக்கம் என்று இருந்தால், கார் கொடுக்கும் கவுன்டரில் இருப்பவருக்கு மூவரும் ஒருவர்தான் என்று புரிய வைக்க வேண்டியிருக்கும். லைசென்ஸ், பெர்மிட், பாஸ்போர்ட் மூன்றையும் சேர்த்து நீட்டினால் பேச்சு குறையும். வண்டி ஓட்டும்போது அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். போனில் உள்ள டிஜிலாக்கர் படம் போதாது. இருவருமே ஓட்டுவதாக இருந்தால் இருவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் காப்பீடு கை கொடுக்காது.

இனி வண்டி. கேம்பர்வேன் படங்களில் அழகு. நடைமுறையில், காலையில் எழுந்ததும் கழிவறைத் தொட்டியைக் கழற்றி, கழிவு கொட்டுவதற்கென்றே உள்ள டம்ப் ஸ்டேஷனில் கொட்டிக் கழுவுவது யார் என்பதுதான் அன்றைய முதல் பேச்சாக இருக்கும். கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கலாம் என்பதும் பாதி உண்மை. நிலையான கழிவறை பொருத்தி, பச்சை நிறச் சான்று ஒட்டிய வண்டிகளுக்குத்தான் பெரும்பாலான இலவச இடங்களில் அனுமதி. விதி மீறினால் அபராதம் 400 டாலரில் தொடங்கும். அதோடு பெரிய வேன்கள் டீசலில் ஓடுபவை. அந்நாட்டில் டீசல் விலையில் சாலை வரி அடங்கியிருக்காது. அதைக் கிலோமீட்டர் கணக்கில் தனியாக வாங்குவார்கள். இலகு வாகனத்துக்கு 1,000 கி.மீ.க்கு 76 டாலர். பம்பில் டீசல் மலிவாகத் தெரிகிறதே என்று மகிழ்ந்தவர்களுக்கு வண்டியைத் திருப்பித் தரும்போது இந்தக் கணக்கு வரும்.

என் பரிந்துரை: ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார், இரண்டு பெரிய பெட்டி டிக்கிக்குள் அடங்குகிற அளவு. தங்குவதற்கு சிறு சமையல் மேடையோடு கூடிய மோட்டல் அறை. பெட்டிகளைப் பின் இருக்கையில் கண்ணில் படும்படி வைத்துவிட்டு நடைபாதைக்குப் போகக் கூடாது. மலையடிவாரக் கார் நிறுத்தங்களில் கண்ணாடி உடைத்துத் திருடுவது அங்கும் நடக்கிறது.

வாடகை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது ‘எக்ஸஸ்’ தொகை. விபத்து நடந்தால் உங்கள் பையிலிருந்து போகும் முதல் பங்கு அது, சில ஆயிரம் டாலர் வரை இருக்கும். நாளுக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கட்டி அதைக் குறைக்கலாம். கட்டுங்கள். ஆனால் கண்ணாடியும் டயரும் அதில் அடங்குமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். நியூசிலாந்துச் சாலைகள் பல, தாரின் மேல் சல்லியைத் தூவி அழுத்தியவை. புதிதாகப் போட்ட இடத்தில் எதிர் வண்டி ஒரு கல்லைத் தெறிக்கவிட்டால் முன் கண்ணாடியில் விரிசல். இன்னொன்று, முன்வைப்புத் தொகைக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் மூடியே இருக்கும், வங்கிச் செயலியில் திறந்து வரம்பையும் உயர்த்திவிட்டுக் கிளம்புங்கள். ஒப்பந்தத்தில் போகக் கூடாத சாலைகளின் பெயரும் இருக்கும்: குவீன்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் சாலை, மவுன்ட் குக் பக்கத்து பால் ஹட் சாலை. அங்கே போய்ச் சிக்கினால் எந்தக் காப்பீடும் இல்லை.

பாதை இப்படி. கிறைஸ்ட்சர்ச் ஒரு இரவு, டெக்கப்போ ஏரி இரண்டு, மவுன்ட் குக் ஒன்று, வாணகா இரண்டு, டே அனாவ் இரண்டு, குவீன்ஸ்டவுன் மூன்று. மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்த மில்ஃபோர்டு சவுண்டுக்கு டே அனாவிலிருந்து போய்வருவதையும் சேர்த்துச் சுமார் 1,200 கி.மீ. காரை குவீன்ஸ்டவுன் விமான நிலையத்தில் விட்டுவிட்டு உள்நாட்டு விமானத்தில் ஆக்லாந்தோ கிறைஸ்ட்சர்ச்சோ போய் சிங்கப்பூர் விமானம் பிடிப்பது. ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விடுவதற்குச் சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்கும். ஆனாலும் குவீன்ஸ்டவுனிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு 480 கி.மீ. திரும்ப ஓட்டி ஒரு முழு நாளைத் தொலைப்பதைவிட அது மேல்.

கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கும் நாளில் காரை எடுக்காதீர்கள். பிப்ரவரியில் நம்மைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள். அங்கே காலை பத்தரை என்றால் உங்கள் உடம்புக்கு விடியற்காலை மூன்று மணி. நீண்ட விமானப் பயணம் முடித்த கையோடு நேர்ச்சாலையில் ஓட்டிக்கொண்டே கண்ணயர்வது சுற்றுலா வந்தவர்களுக்கு நேரும் பழைய ஆபத்து. டாக்ஸியில் அறைக்குப் போய், மாலையில் கொஞ்சம் நடந்து, மறுநாள் காலை சாவி வாங்குங்கள்.

டெக்கப்போ 225 கி.மீ., மூன்று மணி நேரம். ஏரிக்கரையில் 1935-ல் கட்டிய சின்னக் கல் தேவாலயம் இருக்கிறது. பகலில் பேருந்துக் கூட்டம், காலை எட்டுக்கு முன் அமைதி. இங்கே இரண்டு இரவு சொன்னது வானத்துக்காக. 2012-லிருந்து இப்பகுதி பன்னாட்டு இருண்ட வானக் காப்பகம். இதில் நம் பஞ்சாங்கம் ஒரு வேலை வைக்கிறது. முகூர்த்தம் பெரும்பாலும் வளர்பிறையில் குறிப்பார்கள். கல்யாணம் முடிந்து ஒரு வாரம் பத்து நாளில் கிளம்பினால் டெக்கப்போ போய்ச் சேரும்போது பௌர்ணமியை ஒட்டி இருக்கும். நிலவு வெளிச்சத்தில் பால்வீதி மங்கிவிடும். தினசரி காலண்டரை எடுத்துப் பாருங்கள். பௌர்ணமிக்கு ஒரு வாரம் கழித்து அங்கே இருந்தால் நிலா நள்ளிரவை ஒட்டித்தான் எழும், முன்னிரவு இருட்டு உங்களுக்கு. அதற்கேற்பப் புறப்பாட்டைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளுங்கள். கோடையில் முழு இருட்டு பத்தரை மணிக்குப் பிறகுதான். நம்மூரில் தெற்கு அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகத் தெரியும் திரிசங்கு (சதர்ன் கிராஸ்) அங்கே நன்றாக மேலே நிற்கும், அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்) கிட்டத்தட்ட தலைக்கு மேல்.

டெக்கப்போவில் பெட்ரோலை நிரப்பி, இரண்டு நாள் சமையல் சாமானும் வாங்கிக்கொண்டு மவுன்ட் குக் கிராமத்துக்குப் போங்கள். 105 கி.மீ.தான், அதில் கடைசி 55 கி.மீ.யில் பெரும்பகுதி புகாக்கி ஏரியை ஒட்டிச் செல்லும். கிராமத்தில் சூப்பர் மார்க்கெட் கிடையாது. ஹூக்கர் பள்ளத்தாக்கு நடை போய்வர 10 கி.மீ., மூன்று மணி நேரம், பெரும்பாலும் சமதளம். பாலப் பணிக்காகவோ வெள்ளத்தாலோ நடைபாதை பாதியில் மூடப்படுவது உண்டு. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் முந்தின நாள் பார்த்துவிடுங்கள். நேரம் இல்லை என்றால் டாஸ்மன் பனியாற்றுக் காட்சிமுனை. போய்வர முக்கால் மணி நேரம், ஆனால் படிகள்.

அங்கிருந்து லிண்டிஸ் கணவாய் (971 மீ.) வழியாக வாணகா சுமார் 200 கி.மீ. ராய்ஸ் பீக் உச்சிப் படத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். 16 கி.மீ., 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம், நிழலே இல்லை. இந்த இரண்டு நாள் ஏரிக்கரையில் சும்மா இருப்பதற்கு.

வாணகாவிலிருந்து டே அனாவுக்கு கிரவுன் ரேஞ்ச் வழி. 1,076 மீட்டரில், நாட்டின் மிக உயரமான தார்போட்ட நெடுஞ்சாலை. ஏறுவது சுலபம், குவீன்ஸ்டவுன் பக்கம் இறங்கும் கொண்டையூசி வளைவுகளில்தான் தவறு நடக்கும். ஆட்டோமேட்டிக் காரில் ‘டி’-யிலேயே விட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிமானம் குறையும். கீழ் கியருக்கு மாற்றி, எஞ்சின் இழுத்துப் பிடிக்கும்படி இறங்குங்கள். கொல்லிமலை, ஏற்காடு ஓட்டிப் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டே அனாவிலிருந்து மில்ஃபோர்டு சவுண்ட் ஒருவழி 120 கி.மீ. நிற்காமல் ஓட்டினாலே இரண்டு மணி நேரம், நின்று பார்த்தால் மூன்றரை. ஊரை விட்டுக் கொஞ்ச தூரத்தில் போன் சிக்னல் போய்விடும். மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைத்து, டேங்கை நிரப்பி, சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். வழியில் ஹோமர் சுரங்கம்: 1.2 கி.மீ., மில்ஃபோர்டு பக்கம் சரிவாக இறங்கும். கோடைப் பகலில் சிக்னல் வைத்து ஒரு பக்கமாக விடுவார்கள், சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அங்கே கியா என்னும் பச்சை மலைக்கிளிகள் காரின் மேல் வந்து உட்காரும். பார்க்க வேடிக்கை. ஜன்னல் ரப்பரையும் ஆன்டெனாவையும் பிய்த்துவிடும். தீனி போடவே கூடாது.

குவீன்ஸ்டவுனிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துகள் நண்பகலை ஒட்டித்தான் மில்ஃபோர்டு வந்து சேரும். காலை ஒன்பதரை, பத்து மணிப் படகை முன்பதிவு செய்து, டே அனாவிலிருந்து ஆறரைக்குள் கிளம்பினால் சாலையும் படகும் காலியாக இருக்கும். மழை பெய்தால் முகம் சுளிக்காதீர்கள். சென்னையில் ஓராண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, மில்ஃபோர்டில் 6,000-க்கும் மேல். மழையில்தான் பாறைச் சுவர் முழுக்க அருவியாக இறங்கும். வெயிலில் இரண்டு அருவிகள்தான் நிலையாக இருக்கும். கரையில் நின்றால் மணல் ஈ கடிக்கும், கொசுவைவிட மோசம், அரிப்பு பல நாள் இருக்கும். பூச்சி விரட்டி தடவிக்கொள்ளுங்கள்.

ஆனால் பெருமழை வேறு கதை. 2020 பிப்ரவரியில் வெள்ளம் இந்தச் சாலையை அறுத்துப் போட்டது. அதனால்தான் டே அனாவில் இரண்டு இரவு. போய்ச் சேர்ந்த மறுநாளே படகுக்குப் பதிவு செய்யுங்கள். சாலை மூடினால் அதற்கடுத்த நாளுக்கு மாற்ற இடம் இருக்கும். மேற்குக் கடற்கரையை விடச் சொன்னதும் இதே காரணத்தால். 2019 மார்ச்சில் ஃபிரான்ஸ் ஜோசஃப் அருகே வையோ ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துச் சென்றபோது அந்தக் கரையில் மாற்றுச் சாலையே இல்லை. பாலம் திரும்ப வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. பதினான்கு இரவு இருப்பவர்கள் அந்த ஆபத்தை ஏற்கலாம்.

ஓட்டுவதில் நமக்கு ஒரு வசதி, அங்கும் இடது பக்கம்தான். பழக்கம் கெடுக்கும் இடங்கள் வேறு. ஒன்று, ஒருவழிப் பாலங்கள். வட்டப் பலகையில் உங்கள் திசை அம்பு சிறிதாகச் சிவப்பில் இருந்தால் நீங்கள் நின்று வழிவிட வேண்டும். நீலச் செவ்வகத்தில் உங்கள் அம்பு பெரிதாக வெள்ளையில் இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அப்போதும் எதிரே ஏற்கெனவே பாலத்தில் வந்துவிட்டவரைப் போகவிடுங்கள். ‘யார் முதலில் மூக்கை நுழைத்தார்களோ அவர்கள்’ என்ற நம்மூர்ச் சட்டம் அங்கே நேருக்கு நேர் மோதலில் முடியும். ரவுண்டானாவில் வலப்பக்கம் வருபவருக்கு வழி. ‘ஸ்டாப்’ பலகையில் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், உருண்டுபோனால் அபராதம். ஹெட்லைட் அடித்துக் காட்டினால் நம்மூரில் ‘நான் வருகிறேன், நில்’. அங்கே பெரும்பாலும் ‘நீ போ’ என்றோ ‘முன்னால் ஏதோ இருக்கிறது’ என்றோ பொருள். ஹாரனை மறந்துவிடுங்கள்.

ஊருக்கு வெளியே வேக வரம்பு 100 என்பது ஓட்டியே தீர வேண்டிய வேகம் அல்ல. வளைவுக்கு முன் மஞ்சள் பலகையில் 35 என்று போட்டிருந்தால் 35-தான். அது மிகைப்படுத்திச் சொன்னதல்ல. மெதுவாகப் போக விரும்பினால் போகலாம், ஆனால் பின்னால் மூன்று நான்கு வண்டி சேர்ந்துவிட்டால் அடுத்த ஒதுங்கும் இடத்தில் இடதுபுறம் விட்டு வழி கொடுங்கள். மேப் சொல்லும் நேரத்தோடு கால்வாசியைக் கூட்டிக் கணக்கிடுங்கள். படம் எடுக்கச் சாலையோரம் திடீரென்று நிறுத்துவது, நடுக்கோட்டில் நின்று செல்ஃபி எடுப்பது இரண்டும் உள்ளூர்க்காரர்களுக்கு அறவே பிடிக்காது.

விபத்துக் காயத்துக்கு ஏ.சி.சி. என்னும் அந்நாட்டு அரசு விபத்துக் காப்பீட்டுத் திட்டம் சுற்றுலா வந்தவருக்கும் சிகிச்சைச் செலவில் உதவும். காய்ச்சல், வயிற்றுவலி, ரத்தான டிக்கெட் எதற்கும் உதவாது; பயணக் காப்பீடு தனியாக வேண்டும். அவசர எண் 111.

கல்யாண வீட்டுப் பெட்டியோடு கிளம்புபவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. உணவு, செடி, விதை, மரப்பொருள் எதுவானாலும் நியூசிலாந்து வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் ஒரு ஆப்பிள் பிடிபட்டாலும் அந்த இடத்திலேயே 400 டாலர். அறிவித்துவிட்டால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள், அபராதம் இல்லை. அம்மா கட்டிக்கொடுத்த கறிவேப்பிலை, தாம்பூலப் பையில் கிடக்கும் வெற்றிலை, மஞ்சள் கிழங்கு, தேங்காய், உலர்ந்த மாலை, தேன், பால்கோவா எல்லாவற்றையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். புதுத் தாலிக் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டியிருந்தால் அதையும் சொல்லிவிடுவது நல்லது. கடையில் வாங்கிய, உறை பிரிக்காத பொடி, ஊறுகாய் வகைகளைப் பட்டியலாக எழுதிக் காட்டுங்கள். மலையேறும் ஷூவின் அடியில் மண் ஒட்டியிருந்தால் அதுவும் அறிவிக்க வேண்டியதே; கிளம்புமுன் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். அரிசி, பருப்பு, தயிர் கிறைஸ்ட்சர்ச்சில் தாராளமாகக் கிடைக்கும். சிற்றூர்களில் ஹோட்டல் சமையலறை இரவு எட்டரைக்கே மூடிவிடும், வெளிச்சம் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அதற்காகத்தான் அடுப்புள்ள அறை.

கடைசி நாள் குவீன்ஸ்டவுன் விமான நிலையத்தை ஒட்டிய ஃபிராங்க்டனில் பெட்ரோல் நிரப்பி, ரசீதை வைத்துக்கொண்டு, காரின் நான்கு பக்கம், டயர், முன் கண்ணாடி, கிலோமீட்டர் மானி எல்லாவற்றையும் படம் எடுத்தபின் சாவியைக் கொடுங்கள். எடுக்கும்போதும் இதே படங்களை எடுத்திருக்க வேண்டும். வேகக் கேமரா, பார்க்கிங் அபராதம் ஏதாவது இருந்தால் வாரங்கள் கழித்து அதே கார்டில் நிர்வாகக் கட்டணத்தோடு பிடிப்பார்கள். முன்வைப்புத் தொகை விடுபடவும் நாளாகும். ஊர் வந்ததும் அந்தக் கார்டை மூடிவிடாமல் இரண்டு மாதம் வைத்திருங்கள்.